அட்டாலியில் கிடைத்த பித்தளைக் கால்வட்டம்: இது என்ன சாமான் என்று யாருக்காவது தெரியுமா?

ஜனவரி 6, இரவு

பொங்கலுக்கு வீடு ஒதுங்க வைக்கும்போது அட்டாலியிலிருந்து (பரண்) இது இறங்கியது. ஊர் சென்னிமலைக்குப் பக்கம், பழைய ஓட்டு வீடு. கோணிச்சாக்கில் சுற்றி, சணல் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

வார்ப்பிரும்பில் மூன்று கால் வைத்த அடிப்பாகம். ஒரு காலில் மட்டும் ஏற்றி இறக்கும் திருகு. நடுவில் முழ உயரத்துக்கு ஒரு தண்டு. தண்டின் தலையில் பித்தளைத் தகடு, முழு வட்டத்தை நாலாக வெட்டியதில் ஒரு பங்கு. அதன் மேல் ஒரு முள் ஊசலாடுகிறது. முள்ளோடு சேர்ந்த இன்னொரு கையின் நுனியில் சின்னக் கொக்கி. தகட்டில் மூன்று வரிசையாக எண்கள். வெளி வரிசை மேலே 80-ல் தொடங்கிக் கீழே 4-ல் முடிகிறது. உள் வரிசை இரண்டும் புள்ளி வைத்த எண்கள், 0.1, 0.2 என்று.

பேர் பொறித்த இடம் தேய்ந்துபோய் முதல் மூன்று ஆங்கில எழுத்துதான் மிச்சம்: எம், ஏ, என். அப்பாவைக் கேட்டால், “ஏதோ தராசு, எடைக்குப் போட்டுடு” என்கிறார். போட மனசில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 7, காலை

இத்தனை பதில் வரும் என்று நினைக்கவில்லை. ஒவ்வொன்றாக.

நில அளவைக் கருவி, கோணம் பார்ப்பது என்று கோபிக்காரர் சொல்கிறார். கோணம் பார்ப்பதென்றால் 0-விலிருந்து 90 வரை சம இடைவெளியில் கோடு இருக்க வேண்டும். இதில் 80 முதல் 40 வரை இரண்டு விரல் அகலத்தில் அடங்கிவிடுகிறது. 20 முதல் 10 வரை மட்டும் அரைச் சாண் ஓடுகிறது.

தங்கம் நிறுப்பது என்று எழுதியவர் நகைப்பட்டறைக்காரர். பட்டறைத் தராசுக்கு இரண்டு தட்டு உண்டே, இதில் ஒன்றுகூடக் கிடையாது. பழைய நாட்டு வைத்தியர் மருந்து நிறுத்தது என்றவர் சித்த மருந்துக்கடை வைத்திருக்கிறார். தபால் ஆபீசில் கடிதம் நிறுக்கும் தராசு என்றவர் தபால்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவரவர் தொழில் அவரவர் கண்ணில் தெரிகிறது. தபால்காரர் சொன்னது மட்டும் கொஞ்சம் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. கால்வட்டத் தகடும் முள்ளும் வைத்த கடிதத் தராசுகள் உண்டு.

எம்-ஏ-என் என்றால் மங்களூர், ஓட்டுக் கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்தது என்று ஒருவர். வீட்டு ஓட்டைத் திருப்பிப் பார்த்திருப்பார் போல.

ஜனவரி 7, இரவு

காந்தம் வைத்துப் பார்த்தேன். தகடு, முள், கொக்கி மூன்றும் ஒட்டவில்லை. தண்டும் அடியும் ஒட்டுகின்றன.

ஜனவரி 8

நாமக்கல் நண்பர் இது முட்டை நிறுக்கும் கருவிதான் என்று அடித்துச் சொல்கிறார். முட்டையைத் தரம் பிரிக்க இதே மாதிரி கால்வட்டத் தராசு உண்டு, படம்கூடப் போட்டிருக்கிறார். அதில் முட்டை உட்காரக் கிண்ணம் இருக்கிறது, நம்முடையதில் வெறும் கொக்கி. கொக்கியில் முட்டையை எப்படிங்க மாட்டுவது?

ஆனாலும் விடவில்லை. பழைய வெங்காயப் பை வலையில் ஒரு துண்டு வெட்டி, முட்டையைப் போட்டுத் தொங்கவிட்டேன். முதலில் முள் எங்கெங்கோ நின்றது. அடித்திருகைத் திருப்பி, எதுவும் மாட்டாதபோது முள் 80-க்கும் மேலே இருக்கிற சின்னக் கீறலில் நிற்கும்படி செய்த பிறகு ஒழுங்குக்கு வந்தது. ஒரு முட்டைக்கு 9-க்குச் சற்றுக் கீழே காட்டுகிறது.

சரி என்று இன்னொரு முட்டையையும் சேர்த்துப் போட்டேன். 4-ஐ ஒட்டி வந்து நிற்கிறது.

எடை இரட்டித்தால் எண் பாதியாகிறது! எந்த ஊர்த் தராசு இப்படிக் காட்டும்? தபால்காரருக்குத்தான் இதைச் சொல்கிறேன்: கனமான கடிதத்துக்குக் குறைந்த தபால்தலை ஒட்டிய காலம் இருந்தால் எழுதுங்கள்.

ஜனவரி 9

தனிச்செய்தியில் வருகிறவர்களுக்குப் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன். இது அரிசியை இழுக்காது. இரிடியம் இல்லை. கோபுரக் கலசத்திலிருந்து வந்ததும் இல்லை. டார்ச் அடித்தால் அணையவும் இல்லை (ஆமாம், ஒருவர் அதைச் செய்துபார்க்கச் சொன்னார்). பழைய செம்பு, பித்தளையைக் காட்டி ‘ரைஸ் புல்லிங்’, கோடிக்கணக்கில் விலை, முன்பணம் மட்டும் கொடுங்கள் என்று கிளம்புகிற கூட்டம் மாட்டிக்கொண்ட செய்தி வருஷம் தவறாமல் பேப்பரில் வருகிறது. அதைப் படித்த பிறகும் நமக்கு மட்டும் நிஜமாகக் கிடைத்துவிட்டது என்று நினைக்கிற ஆளும் இருக்கிறார்.

ஜனவரி 10

இன்றைக்குத்தான் உறைத்தது. இந்தத் தகட்டில் பூஜ்யமே இல்லை.

எந்தத் தராசும் ஒன்றும் வைக்காதபோது பூஜ்யம் காட்ட வேண்டும். இதில் ஒன்றும் மாட்டாதபோது முள் 80-ஐயும் தாண்டி, எண்ணே போடாத கீறலில் நிற்கிறது. எடை குறையக் குறைய எண் ஏறிக்கொண்டே போகிறதென்றால், ஒன்றுமே இல்லாதபோது எண் எங்கே போய் நிற்கும்? முடிவில்லை. அதனால்தான் அங்கே எண் போடாமல் கீறலோடு விட்டிருக்கிறார்கள்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். செம்புக் கம்பியில் கேஜ் நம்பர் கூடினால் கம்பி மெலிசு. 22 கேஜை விட 30 கேஜ் சன்னம். தலைகீழாக ஓடுகிற எண் எங்களுக்குப் பழக்கம். ஆகவே இது எடையைச் சொல்கிற கருவி இல்லை, எடையை வைத்து எதனுடைய சன்னத்தையோ சொல்கிற கருவி என்று தோன்றுகிறது. கம்பியாக இருக்குமா? அவரவர் தொழில் கண்ணில் தெரிகிறது என்று மூன்று நாளைக்கு முன்னால் நக்கலடித்தவன், இன்றைக்குக் கம்பி என்கிறான். சிரித்துக்கொள்ளுங்கள்.

முட்டையை நம்பி ஆராய்ச்சி பண்ண முடியாது, ஒவ்வொன்றும் ஒரு எடை. அளவு தெரிந்த எடை வேண்டும்.

ஜனவரி 11

வீட்டு உண்டியலில் பழைய கனமான 5 ரூபாய் நாணயம் நிறைய கிடந்தது. செம்பு-நிக்கல் கலவையில் வந்த தடித்த நாணயம், ஒன்று 9 கிராம். மெல்லிய பாலித்தீனில் சுற்றி நூலால் கொக்கியில் கட்டினேன்.

ஒரு நாணயம்: 50-க்கு ஒரு மயிரிழை மேலே.
இரண்டு: 25.
ஐந்து: 10.
பத்து: 5.

பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கிராமையும் எண்ணையும் பெருக்கினால் எல்லாவற்றிலும் 450 வருகிறது. 9 × 50, 18 × 25, 45 × 10, 90 × 5. முதல் நாணயத்தில் மயிரிழை மேலே நின்றதால் உண்மையான எண் 450-ஐ விடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். 450 சொச்சம் கிராம் என்றால் என்ன? சேரா? 24 தோலா கொண்ட சேர் 280 கிராம்தான் வரும். வீசையோ 1400 கிராம், அது ரொம்பத் தூரம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இன்றைக்குத் தூக்கம் வராது.

ஜனவரி 11, இரவு

சிங்காநல்லூர்ப் பெரியவர் ஒருவர் முடிச்சை அவிழ்த்துவிட்டார். மில் ஒன்றில் நூல் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்:

“தம்பி, 453.6 கிராம் என்றால் ஒரு பவுண்டு. நீங்கள் கையில் வைத்திருப்பது நூல் கவுண்ட் பார்க்கிற குவாட்ரண்ட். கொக்கியில் 840 கஜ நூலைச் சுற்றிக் கட்டிய சிட்டம் ஒன்றை மாட்ட வேண்டும். ஒரு பவுண்டுக்கு அப்படி எத்தனை சிட்டம் வருமோ அதுதான் நூலின் நம்பர். 40 சிட்டம் வந்தால் 40-ஆம் நம்பர். முட்டையை மாட்டினவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.”

அவ்வளவுதான் விஷயம். 40-ஆம் நம்பர் நூல் 840 கஜம் 11.34 கிராம் இருக்கும், 20-ஆம் நம்பர் என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. நூல் சன்னமாக ஆக எடை குறையும், நம்பர் ஏறும். எம்-ஏ-என் மங்களூர் இல்லை, அநேகமாக மான்செஸ்டர் என்கிறார். வெளிச்சத்தைச் சாய்த்து அடித்துப் பார்த்தேன். நாலாவது எழுத்து ‘சி’ மாதிரி தெரிகிறது. மங்களூர்க்காரர் மன்னிக்கவும்.

நாமக்கல் நண்பருக்கு: உங்கள் முட்டை நூலாக இருந்தால் 9-ஆம் நம்பர்கூடத் தேறாது, நல்ல முரட்டு நூல்.

ஜனவரி 12

கோயமுத்தூரில் 1888-ல் முதல் மில் வந்தது, அப்புறம் 1932-ல் பைக்காரா மின்சாரம் வந்ததும் வரிசையாக மில்கள் எழும்பின, அதனால் ஒவ்வொரு சோதனைக் கூடத்திலும் இது இருந்திருக்கும் என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். நியாயம். என் சந்தேகம் அதுவல்ல. மில் சாமான் சென்னிமலைப் பக்கத்து ஓட்டு வீட்டு அட்டாலிக்கு எப்படி ஏறியது? எங்கள் வீட்டில் மில்லில் வேலை பார்த்தவர் யாரும் கிடையாது. அப்பாரு (அப்பாவின் அப்பா) மளிகைக் கடை வைத்திருந்தார் என்றுதான் கேள்வி.

திருடின சாமானா என்று கேட்ட பல்லடம் அண்ணனுக்கு: அப்பாரு இல்லை, கேட்டுச் சொல்ல முடியாது.

ஜனவரி 14

காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் கட்டியாயிற்று. குவாட்ரண்டுக்கும் ஒரு கொத்து செருகச் சொல்லி மகள் அடம். செருகியாயிற்று. நாளைக்கு எழுத மாட்டேன்.

ஜனவரி 16

மாட்டுப் பொங்கலுக்கு அத்தை வந்திருந்தது. அப்பாவுக்கு மூத்தது, வயசு எண்பதை நெருங்குகிறது. திண்ணையில் வைத்திருந்த கருவியைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டது.

“இதய எங்கீடா புடிச்சே? எங்கய்யன் நம்பர் பாக்கற தராசு கண்ணு இது.”

அப்புறம் வந்தது கதை. மளிகைக் கடை பின்னாடி வந்ததாம். அதற்கு முன்னால் அப்பாரு நூல் வியாபாரம். கோயமுத்தூரிலிருந்து நூல் கட்டு எடுத்துவந்து தறிக்காரர்களுக்குக் கொடுத்து, துணியாக வாங்கி ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்புவது. அப்பா கடைக்குட்டி, அவருக்கு விவரம் தெரிவதற்குள் வியாபாரம் முடிந்துவிட்டது. நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே நூல் கொடுக்க ஆரம்பித்தபின் தனி ஆளிடம் யார் வாங்குவார்கள் என்பது அத்தையின் கணக்கு.

தராசு எப்படி வந்தது என்று கேட்டேன். எங்கோ ஒரு மில்லில் பழைய சாமான் கழித்தபோது வாங்கிவந்தார் என்று நினைவாம். நிச்சயமாகச் சொல்லவில்லை.

நிறுக்கும் விதத்தைச் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. கட்டு வந்து இறங்கியதும் அப்பாரு முன்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தச் சொல்வாராம். சித்திரை வெயிலானாலும் சரி. அத்தைதான் ஓடிப்போய்ச் சாத்தும். கட்டின் மேலே இருக்கிற சிட்டத்தை எடுக்க மாட்டார், கையை நுழைத்து நடுவிலிருந்து உருவுவார். கொக்கியில் மாட்டிவிட்டு இரண்டு எட்டு தள்ளி நின்றுகொள்வார். “அந்த முள்ளு நிக்கற வரைக்கும் ஊட்டுல ஒருத்தரும் மூச்சு உடப்படாது. நானு வாயைப் பொத்திட்டு நிப்பேன்.” முள் நின்றதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு எண்ணைப் படித்து, கரிக்கட்டியில் சுவரில் எழுதுவாராம். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு எத்தனையோ தடவை அடித்தாகிவிட்டது.

இன்றைக்கே நானும் கதவைச் சாத்தி ஒரு நாணயத்தைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். நிஜம்தான், பக்கத்தில் நின்று மூச்சு விட்டால் முள் 50-க்கும் 52-க்கும் நடுவே தள்ளாடுகிறது. தள்ளி நின்றால் நின்றுவிடுகிறது.

ஜனவரி 17

இரண்டு நம்பர் வித்தியாசத்துக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கிறார்கள். கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கைத்தறிக்கு நூல் வந்தது 10 பவுண்டு கட்டாக. 40-ஆம் நம்பர் என்றால் கட்டுக்குள் 400 சிட்டம். 40 என்று சொல்லி 38-ஐக் கொடுத்தால் அதே எடைக்கு 380 சிட்டம்தான் இருக்கும். குறைவது 20 சிட்டம், 16,800 கஜம். கிலோமீட்டரில் 15-க்கும் மேல். ஒரே ஒரு கட்டில்! எடைபோட்டுப் பார்த்தால் 10 பவுண்டு சரியாக நிற்கும், எந்தத் தராசிலும் குற்றம் தெரியாது. தறிக்காரர் பாவு ஓட்டி முடிக்கும்போதுதான் நூல் பற்றாது. அப்போது வியாபாரி சட்டையைத்தான் பிடிப்பார், மில்லின் சட்டையைப் பிடிக்க அவருக்கு எட்டாது.

சரி, வியாபாரிகள் மட்டும் யோக்கியமா என்று சென்னிமலைத் தறிக்காரர் வீட்டுப் பையன் கேட்டிருக்கிறார். கேட்கத்தான் வேண்டும். தறிக்குப் போகும்போது இந்தக் கருவியைக் காட்டாமல் நூல் கொடுத்த வியாபாரிகளும் இருந்திருப்பார்கள். அதேபோல் துணியில் கஞ்சி கனமாக ஏற்றி எடையைச் சரிக்கட்டிய கதையும் ஊர் ஊருக்கு உண்டு. எங்கள் அப்பாரு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அத்தையைக் கேட்டால் சொக்கத்தங்கம் என்கிறது. அது மகள்.

ஜனவரி 18

சிங்காநல்லூர்ப் பெரியவர் மறுபடியும் வந்து ஒரு குண்டு போட்டிருக்கிறார். “ரேப் ரீல் இல்லாமல் இது பாதிக் கருவிதான் தம்பி.” நூலைச் சுற்றி நீளம் அளக்கிற சக்கரம்தான் ரேப் ரீல்.

யோசித்தால் உண்மை. மாட்டுகிற சிட்டம் 840 கஜம் இருக்கிறது என்று நம்பித்தான் முள் எண்ணைச் சொல்கிறது. 38-ஆம் நம்பர் நூலை 840-க்குப் பதில் 798 கஜமாகச் சுற்றிக் கட்டினால் எடை 11.34 கிராமுக்கு வந்துவிடும், முள் கச்சிதமாக 40 காட்டும். மோசடி பண்ணுகிறவனுக்கு இது தெரியாமலா இருக்கும்? ஆகவே சிட்டத்தை அவிழ்த்துத் திரும்பச் சுற்றி நீளத்தையும் பார்க்க வேண்டும். ரேப் ரீல் ஒரு சுற்றுக்கு 54 அங்குலம், அதாவது ஒன்றரைக் கஜம். 80 சுற்றுக்கு 120 கஜம், அது ஒரு ‘லீ’. ஏழு லீ சேர்ந்தால் ஒரு சிட்டம், 560 சுற்று.

அத்தைக்குப் போன் போட்டேன். ஆறு கை வைத்த மரச்சக்கரம் ஒன்று இருந்ததாம். “அது தண்ணி காய வெக்கறதுக்கு அடுப்புல போயிருச்சு, எங்கம்மா வெச்சுட்டா.” ஆத்தா வெந்நீர் காய்ச்சிய அடுப்பில் என்னென்ன போயிருக்கிறதோ.

ஜனவரி 20

கரூர்க்காரர் கேள்வி: 40-ஆம் நம்பர் என்று வாங்கிய நூலை லேபில் பார்த்தால் 20-க்குக் கொஞ்சம் கீழே வருகிறது, ஏமாற்றிவிட்டார்களா?

நூல் கட்டில் 2/40 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போட்டிருந்தால் இரண்டு 40-ஆம் நம்பர் இழையைச் சேர்த்து முறுக்கியது. இரண்டு இழை சேர்ந்தால் அதே நீளத்துக்கு எடை இரண்டு மடங்கு, நம்பர் பாதி. முறுக்குவதில் நீளம் கொஞ்சம் சுருங்குவதால் 20-ஐ விடச் சற்றுக் குறைவாக வரும். உங்கள் வியாபாரி நல்லவர், போய் டீ வாங்கிக் கொடுங்கள்.

திருப்பூர்த் தம்பி ஒருவர் பாலியஸ்டரில் நம்பர் கூடினால் தடிமன் கூடுகிறதே என்று குழம்பியிருக்கிறார். அது டெனியர் கணக்கு. 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். எடையை நேராகச் சொல்வது. 1000 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் டெக்ஸ். படிக்கிற இடத்தில் டெக்ஸ் சொல்லிக்கொடுக்கிறார்கள். திருப்பூரில் போய் “15 டெக்ஸ் நூல் கொடுங்க” என்று கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். அங்கே இன்றைக்கும் 30-ஸ், 40-ஸ்தான்.

இதனால் கருவியின் வயசைக் கண்டுபிடிப்பதும் சிக்கலாகிறது. பவுண்டு, கஜம் இருப்பதால் மெட்ரிக் வருவதற்கு முந்தியது, 1958-க்கு முன்னால் என்று ஒருவர் முடிவு கட்டியிருக்கிறார். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் படிக்கல்லும் வீசையும் போன பிறகும் நூல் மட்டும் பவுண்டு, கஜத்தை விடவே இல்லையே. பவுண்டை வைத்து வயசு சொல்ல முடியாது.

ஜனவரி 23

தெரிந்த நூல் கடையில் 40-ஆம் நம்பர் சிட்டம் வாங்கிவந்தேன். விடியற்காலை, வெளியே நல்ல பனி. கதவைச் சாத்தி மாட்டினால் 39. கடைக்காரரைத் திட்டிக்கொண்டே குளிக்கப் போய்விட்டேன். சிட்டம் திண்ணையில் வெயில் படும்படி கிடந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மாட்டினால் 40-ஐத் தாண்டி ஒரு மயிரிழை மேலே!

பஞ்சு ஈரம் குடிக்கும். பருத்தி நூல் வியாபாரத்தில் காய்ந்த எடையில் 8.5 சதவீதம் ஈரம் இருப்பதாக வைத்துத்தான் எடை பேசுகிறார்கள். காற்றில் ஈரம் ஏறினால் நூல் கனத்து நம்பர் இறங்கும். காய்ந்தால் ஏறும். ஐப்பசி அடைமழையில் நூல் வாங்கி சித்திரையில் விற்றவர் பாடு திண்டாட்டம்தான். மில்லில் சோதனைக் கூடத்தை ஏன் ஒரே ஈரப்பதத்தில் வைக்கிறார்கள் என்பது இப்போது விளங்குகிறது. அப்பாரு வெயில் கொளுத்தினாலும் கதவைச் சாத்தியது காற்றுக்காக மட்டும்தானா என்று ஒரு யோசனை ஓடியது. இல்லை, அத்தை சொன்னபடி முள்ளுக்காகத்தான் இருக்கும். இல்லாத பெருமையை ஏற்றிவைக்க வேண்டாம்.

ஜனவரி 24

உள் வரிசைகளும் தெளிந்துவிட்டன. மில்லில் நூலாவதற்கு முந்தின நிலைகளுக்கு. பஞ்சைச் சிக்கெடுத்துக் கயிறு மாதிரி இழுக்கும் ஸ்லைவருக்கு 4 கஜம் வெட்டி மாட்டுவது ஒரு வரிசை. அதை மெலிதாக்கிய ரோவிங்குக்கு 20 கஜம், இன்னொரு வரிசை. ரொம்பத் தடிமன் என்பதால் நம்பர் ரொம்பக் குறைவு, அதனால்தான் புள்ளி எண்கள். நூல் வியாபாரிக்கு இவை இரண்டும் தேவையே இல்லை. ஆகவே இது மில்லுக்காகச் செய்த கருவிதான், அத்தை சொன்னபடி மில்லில் கழித்தபோது வாங்கியது நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம். தகட்டைப் பாருங்கள்: வெளி வரிசையில் 30 முதல் 60 வரை விரல் பட்டு வழவழப்பாகிவிட்டது, உள் வரிசைகளில் கோடு புதுசு மாதிரி இருக்கிறது.

ஜனவரி 27

துலக்கச் சொல்லி ஆளாளுக்கு யோசனை. புளி, எலுமிச்சை, செங்கல் பொடி, மில்லில் கிடைக்கும் ஏதோ ஒரு பசை. எதுவும் வேண்டாம். எண்கள் பள்ளமாகப் பொறித்து உள்ளே கறுப்பு நிரப்பியவை. புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும், கறுப்பு போய்விடும், அப்புறம் எண்ணைத் தடவித்தான் படிக்க வேண்டும். ஒரு துணியால் தூசி தட்டினேன், சுழல்கிற இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு பொட்டு. அதுவும் அதிகமானால் தூசி பிடித்து முள் இறுகும். அடிக்கால் திருகில் மரை தேய்ந்திருந்தது, தெரிந்த லேத்துப் பட்டறையில் புதுசாகக் கடைந்து போட்டாகிவிட்டது.

விலை கேட்பவர்களுக்கு: பழைய பித்தளைக்காரர் கிலோ கணக்கில் கேட்டார், சென்னைக்காரர் ஒருவர் ஆயிரக்கணக்கில் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான், விற்பதற்கில்லை.

உடுமலைக்காரர் தன் வீட்டு இரும்புச் சாமான் ஒன்றைப் படம் போட்டு இதுவும் நூல் சம்பந்தப்பட்டதா என்கிறார். பார்த்த வரைக்கும் வண்டி அச்சின் கடையாணிங்க அது. மாட்டு வண்டி ஓட்டிய பெரியவர் யாரிடமாவது காட்டினால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார்.

பிப்ரவரி 3

ரீல் இல்லாத குறை உறுத்திக்கொண்டே இருந்தது. மரவேலைக்காரரிடம் போய் ஆறு கைச் சக்கரம், சுற்றளவு 54 அங்குலம் என்றேன். அவர் கணக்கே போடவில்லை. “நடுவுல இருந்து ஒவ்வொரு கையும் 9 அங்குலம் வெச்சாச் சரியா வருமுங்க.” ஆறு பக்கம் வைத்த உருவத்தில் மையத்திலிருந்து முனைக்கு உள்ள தூரமும் முனைக்கு முனை தூரமும் ஒன்றுதான். ஆறு ஒன்பது ஐம்பத்து நாலு. படிக்காமலே அவருக்குக் கை தெரிந்து வைத்திருக்கிறது.

560 சுற்று யார் எண்ணுவது என்ற பிரச்சினைக்கு என் பட்டறையிலேயே பதில் இருந்தது. காயில் சுற்றும் கை மிஷினில் சுற்று எண்ணும் மீட்டர் உண்டு. காயில் அச்சைக் கழற்றிவிட்டு அந்தத் தண்டிலேயே சக்கரத்தை மாட்டினேன். கடையில் வாங்கிய அதே சிட்டத்தை மகள் இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டாள், நான் கைப்பிடியைச் சுற்றினேன். நடுவில் ஒரு தடவை அறுந்து முடிச்சுப் போட்டோம்.

558-ல் நூல் தீர்ந்தது. இரண்டு சுற்றுதான் குறைவு, அதை நான் இழுத்துச் சுற்றின இழுப்புக்கே விட்டுவிடலாம். கடைக்காரர் மேல் தப்பில்லை. பனிக்காலையில் திட்டியதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது போர்வெல் மோட்டார் ஒன்று மூன்று நாளாகக் காத்துக்கிடக்கிறது, சக்கரத்தைக் கழற்றிவிட்டு அதைக் கட்ட வேண்டும். யாரிடமாவது சந்தேகமான சிட்டம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவாருங்கள், பார்த்துவிடலாம். முட்டை வேண்டாம்.